ஊகிக்காமல் சுடோகு போடுவது எப்படி?

நாளிதழில் வரும் சுடோகுவைப் பாதியில் விட்டுவிடுபவர்களிடம் கேட்டால், "எனக்குக் கணக்கு வராது" என்பார்கள். இதில் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. எண்களை எடுத்துவிட்டு அ முதல் ஐ வரை ஒன்பது உயிரெழுத்துகளை வைத்தாலும் புதிர் அப்படியேதான் இருக்கும். தடுமாற வைப்பது ஊகம். "இங்கே 5 வரலாம்" என்று எழுதிய ஓர் எண், இருபது கட்டங்கள் தாண்டித்தான் தன் தவறைக் காட்டும். அதற்குள் எது சரி, எது பிழை என்று பிரிக்க முடியாமல் போய்விடும்.

விதி ஒன்றே. 81 கட்டங்கள், ஒவ்வொரு குறுக்கு வரிசையிலும், நெடுக்கு வரிசையிலும், ஒன்பது கட்டங்கள் கொண்ட ஒவ்வொரு பெட்டியிலும் 1 முதல் 9 வரை ஒவ்வோர் எண்ணும் ஒரே ஒரு முறை வர வேண்டும். 1979இல் அமெரிக்காவின் டெல் புதிர் இதழில் இந்த வடிவம் வெளியானது. 1984இல் ஜப்பானின் நிகோலி நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற வெய்ன் கூல்ட், புதிர்களை உருவாக்கும் கணினி நிரல் எழுதி, 2004 நவம்பரில் லண்டன் 'தி டைம்ஸ்' நாளிதழில் இடம்பிடிக்க வைத்தார். தினசரி சுடோகு உலகெங்கும் பரவியது அதன் பிறகுதான். முறையாக அமைத்த புதிருக்கு ஒரே ஒரு விடைதான் உண்டு என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சரிபார்க்கும்போது கைகொடுக்கும்.

முதல் படி: அதிகம் தெரியும் எண்ணைப் பிடியுங்கள்

காலிக் கட்டத்தைப் பார்த்து "இதில் என்ன வரும்?" என்று கேட்காதீர்கள். எண்ணைப் பார்த்து "இது எங்கே போகும்?" என்று கேளுங்கள். தொடக்கத்தில் இதுதான் எளிது. ஒரு புதிரின் மேல் மூன்று வரிசைகள் இப்படி இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்:

4 _ 7 | _ 2 _ | _ 9 _
_ 9 _ | 6 _ 7 | _ _ 3
_ 2 _ | 9 _ _ | 8 _ 6

7ஐப் பாருங்கள். இடப்பெட்டியில் அது முதல் வரிசையில் இருக்கிறது, நடுப்பெட்டியில் இரண்டாம் வரிசையில். ஆகவே வலப்பெட்டியில் 7 மூன்றாம் வரிசையில்தான் வர முடியும். அங்கே 8க்கும் 6க்கும் நடுவில் ஒரே கட்டம் காலி. எழுதிவிடுங்கள்.

அடுத்து 6. நடுப்பெட்டியில் இரண்டாம் வரிசை, வலப்பெட்டியில் மூன்றாம் வரிசை. இடப்பெட்டிக்கு முதல் வரிசைதான் மிச்சம். 4க்கும் 7க்கும் நடுவில் 6. கீழே உள்ள ஆறு வரிசைகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இரண்டு எண்கள் கிடைத்துவிட்டன.

இரண்டாம் படி: ஜோடிகள்

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இப்போது வலப்பெட்டியில் 1, 2, 4, 5 மிச்சம். முதல் வரிசையில் ஏற்கெனவே 2, 4 இரண்டும் இருக்கின்றன. ஆகவே வலப்பெட்டியின் 2, 4 இரண்டும் இரண்டாம் வரிசையின் இரு காலிக் கட்டங்களுக்குத்தான் போக வேண்டும். எது எங்கே என்று தெரியாது. ஆனால் வேறு எந்த எண்ணும் அங்கே நுழைய முடியாது. இரண்டு கட்டங்களின் மூலையிலும் பொடி எழுத்தில் '2 4' என்று குறித்துவையுங்கள்.

அதனால் முதல் வரிசையின் வலப்பெட்டிக் கட்டங்கள் இரண்டும் 1, 5க்கு உரியவை. அந்த வரிசையில் இனி வர வேண்டியவை 1, 3, 5, 8. எனவே நடுப்பெட்டியில் 2க்கு இருபுறமும் 3, 8 மட்டுமே வரும். ஓர் எண்ணைக்கூட உறுதியாக எழுதாமல் ஆறு கட்டங்களின் கதவை அடைத்துவிட்டோம்!

பொடிக் குறிப்புகளை இப்படி இரண்டே வாய்ப்பு இருக்கும் இடத்தில் மட்டும் எழுதுங்கள். எல்லாக் கட்டத்திலும் நான்கைந்து எண்களை நிரப்பினால் கண் குழம்பிவிடும்.

மூன்றாம் படி: நெடுக்காகப் பாருங்கள்

2, 4 ஜோடியைப் பிரிப்பது நெடுக்கு வரிசைதான். ஏழாம் நெடுக்கு வரிசையில் கீழே எங்காவது 4 இருந்தால், அந்த வரிசையில் உள்ள கட்டம் 2, பக்கத்துக் கட்டம் 4. ஓர் எண் விழுந்ததும் அதன் குறுக்கு, நெடுக்கு, பெட்டி மூன்றையும் உடனே ஒரு பார்வை பாருங்கள். ஏழு எட்டுக் கட்டங்கள் நிரம்பிய வரிசைகள் அப்போது தாமாகவே முடியும்.

எங்கும் நகரவில்லை என்றால், 1இலிருந்து 9 வரை ஒவ்வோர் எண்ணாக மறுபடி சுற்றி வாருங்கள். "இந்தக் காரணத்தால் இது இங்கே" என்று சொல்ல முடியாத எண்ணை மட்டும் எழுதவே எழுதாதீர்கள்.

சரிபார்ப்பது

ஒவ்வொரு வரிசையையும் கூட்டி 45 வருகிறதா என்று பார்ப்பவர்கள் உண்டு. அதை முழுதாக நம்ப வேண்டாம். 4, 6 வர வேண்டிய இடங்களில் இரண்டு 5 போட்டிருந்தாலும் கூட்டுத்தொகை 45தான். எண்வாரியாகப் பார்ப்பதே நல்லது. முதலில் ஒன்பது 1களைத் தேடுங்கள்; ஒவ்வொரு குறுக்கிலும் நெடுக்கிலும் பெட்டியிலும் ஒன்றுதானா என்று பாருங்கள். பிறகு 2, 3 என்று 9 வரை. பெட்டிகளை விட்டுவிடாதீர்கள்: குறுக்கும் நெடுக்கும் சரியாக இருந்தும் பெட்டியில் ஓர் எண் இருமுறை வரலாம்.

இந்தச் சோதனையில் தேறி, அச்சிட்டுக் கொடுத்த எண்கள் எதுவும் மாறாமல் இருந்தால், உங்கள் விடை சரி. ஒரே விடைதான் உண்டு என்பதால் மறுநாள் பேப்பருக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

அப்படியும் மறுநாள் வந்த விடையோடு ஒத்துப்போகவில்லையா? முதலில் புதிர் எண்ணைப் பாருங்கள்; வேறு நாள் விடையாக இருக்கலாம். நோட்டில் பார்த்து எழுதிப் போட்டிருந்தால், கொடுத்த எண்களில் ஒன்று விட்டுப்போயிருக்கலாம். எண்ணிப் பாருங்கள். ஒரே விடை வருவதற்குக் குறைந்தது 17 எண்கள் தேவை என்று கேரி மெக்குவயர் தலைமையிலான அயர்லாந்து ஆய்வுக் குழு 2012இல் கணினி வழியாக நிறுவியிருக்கிறது. உங்கள் நோட்டில் 16தான் இருக்கிறது என்றால், பேப்பரை மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள்.