பூநாரையைப் படம் பிடிக்க ஓகஸ்டில் போகாதீர்கள்

பிள்ளைகளின் பள்ளி விடுமுறையும் நல்லூர்த் திருவிழாவும் அடுத்தடுத்து வருவதால் வடஇலங்கையிலிருந்து புலம்பெயர்ந்த நம்மில் பெரும்பாலோர் ஊருக்குப் போவது ஓகஸ்டில்தான். உறவுகளைப் பார்க்க நல்ல காலம். வடக்கின் பறவைகளைப் படம் பிடிக்க அதைப்போல் மோசமான காலம் கிடையாது. மன்னாரில் கூட்டம் கூட்டமாக நிற்கும் பூநாரைகளை யாரோ எடுத்த படத்தில் பார்த்துவிட்டு, விலை உயர்ந்த லென்ஸ் வாங்கிக்கொண்டு ஓகஸ்டில் போய் இறங்குபவர்களுக்குப் பெரும்பாலும் காய்ந்த சேறும் கச்சான் காற்றின் புழுதியுமே கிடைக்கின்றன.

வலசைப் பறவைகள் செப்டெம்பரில் வரத் தொடங்கும். மார்ச், ஏப்ரலில் கிளம்பிவிடும். நவம்பரும் டிசம்பரும் மாரி மழைக்காலம் என்பதால் பாதி நாள் கமெராவை உறைக்குள்ளேயே வைத்திருக்க நேரும். ஜனவரி நடுப்பகுதி முதல் பெப்ரவரி முடியும்வரைதான் என் தேர்வு. தைப்பொங்கலுக்குப் போகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் மன்னாருக்குப் போங்கள். தீவுக்குள் நுழையும் பெரும்பாலத்துக்கு முன்பாகவே வங்காலைச் சரணாலயம் வந்துவிடும். 2008இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு 2010இல் உலக முக்கியத்துவம் கொண்ட ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம் இது. பூநாரை, ஊசிவால் வாத்து, கருவால் மூக்கன், பல வகை ஆலாக்கள், உள்ளான்கள் எல்லாவற்றையும் வீதியோரத்திலிருந்தே பார்க்கலாம். நீர்ப்பறவையோடு நின்றுவிடாமல் பற்றைக் காடுகளையும் கவனியுங்கள். கவுதாரியும் கரிக்குருவியும் இலங்கையின் வறண்ட வடபகுதிக்கும் வடமேற்குக் கரைக்கும் உரியவை. தென்னிலங்கைப் படப்பிடிப்பாளர்கள் இவற்றுக்காகவே இவ்வளவு தூரம் வருகிறார்கள். நாம் சின்ன வயதில் வேலியில் பார்த்துப் பழகியதால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

முதல்நாள் இரவே மன்னார் நகரில் தங்கிவிடுங்கள். காலை ஒன்பது மணிக்குப் பிறகு சேற்று வெளியில் கானல் எழும்பிவிடும். அதன்பிறகு 600 மில்லிமீற்றர் லென்ஸாலும் பயனில்லை; தூரத்துப் பறவையின் இறகு விளிம்பு கரைந்துதான் பதியும். பலர் லென்ஸில் பழுது என்று நினைத்துக் கடைக்குக் கொண்டுபோகிறார்கள், பழுது காற்றில். குளிரூட்டிய அறையில் தூங்குகிறவர்கள் கமெராப் பையை விடியுமுன் வெளியே வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நல்ல வெளிச்சம் வரும் நேரத்தில் கண்ணாடி முழுக்க நீர் படிந்து நிற்கும். தை மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்தே போகும் என்பதால் வடக்குப் பார்த்து எடுக்கக்கூடிய கரையைத் தேடுங்கள். வெளிச்சம் எப்போதும் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்.

வான் வண்டியைவிட ஓட்டோ நல்லது. உயரம் குறைவு, பறவையின் கண்மட்டத்துக்குக் கிட்ட வரும். அதற்குள்ளேயே இருந்து, இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு எடுங்கள். இறங்கி நடந்தால் பறவை விலகிவிடும். மணிக்கணக்கில் காத்திருக்கப் போவதை ஓட்டுநரிடம் முன்பே சொல்லி, அரைநாளுக்கென்று பேசிக்கொள்ளுங்கள்.

பூநாரை இரை எடுக்கும்போது அலகைத் தலைகீழாக நீருக்குள் வைத்துக்கொண்டு காலால் சேற்றைக் கிளறும். அந்த நேரம் அது நம்மைப் பொருட்படுத்தவில்லை என்று அர்த்தம். முதலில் ஒன்றிரண்டு கழுத்துகள் நிமிரும். பிறகு கூட்டம் முழுவதும் கழுத்தை நீட்டிக்கொண்டு ஒரே திசையில் நடக்கத் தொடங்கும். அந்த இடத்தில் நீங்கள் நின்றுவிட வேண்டும். பறக்கும் படம் வேண்டும் என்று கல் எறிகிறவர்கள், கை தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து வந்து உடம்பைத் தேற்றிக்கொண்டிருக்கும் பறவையை உங்கள் முகநூல் பக்கத்துக்காக எழுப்புவது அநியாயம்.

மன்னார்த் தீவின் தென்கரையில் காற்றாலைகள் 2020 டிசம்பர் முதல் சுழல்கின்றன. பறவை வழியில் அவை வேண்டாம் என்று ஆர்வலர்கள் எதிர்த்தார்கள். படத்தில் அவை விழுந்தால் வெட்டி நீக்காதீர்கள். இன்றைய மன்னார் அதுதான்.

யாழ்ப்பாணத்தை விட்டு நகர முடியாதவர்களுக்குப் பண்ணைப் பாலம், பொன்னாலை - காரைநகர் வீதி, அராலி, தொண்டைமானாறு எல்லாமே காலை ஒரு நடை போய்வரும் தூரமாக இல்லாவிட்டாலும் ஓட்டோத் தூரம்தான். கடலேரியில் சிறகுவலைக்கு நட்ட தடிகளில் தடிக்கொன்றாக நீர்க்காகமும் ஆலாவும் உட்கார்ந்திருக்கும். மீன்பிடித் தொழிலாளர்கள் வலை பார்க்கும் நேரத்தில் போனால், “அண்ணை, ஒரு படம் எடுக்கலாமா?” என்று கேட்டுவிட்டு எடுங்கள். பறவை எந்நேரம் எங்கே இறங்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்தச் செயலிக்கும் தெரியாது.

சில எச்சரிக்கைகள். இராணுவ முகாம், சோதனைச் சாவடி இருக்கும் பக்கம் லென்ஸைத் திருப்பாதீர்கள். பெரிய லென்ஸைக் கண்டால் விசாரிக்கத்தான் செய்வார்கள். பறவைப் படங்களைக் காட்டினால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். முகமாலை போன்ற இடங்களில் மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால், பறவை எவ்வளவு அரியதாக இருந்தாலும் வீதியை விட்டு இறங்கவே கூடாது. மிதிவெடி விளையாட்டல்ல. டிரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது, தேசிய பூங்காக்களில் தடை.

ஓகஸ்டில்தான் போக முடியும் என்றால் பறவையை மறந்துவிட்டு விலங்குகளுக்குத் திட்டமிடுங்கள். அந்த வறட்சியில் மின்னேரியாக் குளம் வற்ற, வெளிப்படும் புல்வெளிக்கு யானைகள் கூட்டமாக வரும். குளத்தில் நீர் குறையாத ஆண்டில் அவை பக்கத்துக் கவுடுல்லைப் பூங்காவுக்குப் போய்விடும் என்பதால் ஜீப் ஓட்டுநரிடம் முதலில் விசாரியுங்கள். வில்பத்துவில் சிறுத்தைக்கும் கரடிக்கும் இதுவே நல்ல பருவம். இந்தப் பூங்காக்களில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்குக் கட்டணம் பல மடங்கு. இலங்கை அடையாள அட்டையோ இரட்டைக் குடியுரிமைச் சான்றோ இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

நெடுந்தீவுக் குதிரைகளையும் ஓகஸ்டில் எடுக்கலாம். குறிகட்டுவானிலிருந்து படகு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடும். குதிரைகள் நிற்பது தீவின் திறந்த வெளியில், நிழலே இல்லாத இடத்தில். குடிதண்ணீரைக் கரையிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். இறங்கியதும் முதல் வேலையாகக் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.