பெயர் மலேசியா, வகை கூட்டரசு: எழுதும்போது சறுக்கும் இடங்கள்

சங்கச் சட்டவிதிகளிலும் பள்ளிக் கட்டுரைகளிலும் நம் நாட்டின் 'முழுப் பெயர்' மலேசியக் கூட்டரசு என்று எழுதுகிறார்கள். அரசமைப்புச் சட்டத்தின் 1(1) பிரிவைப் பிரித்துப் பாருங்கள்: கூட்டரசு மலாயிலும் ஆங்கிலத்திலும் 'மலேசியா' என்று அழைக்கப்படும். அவ்வளவுதான். கூட்டரசு என்பது வகை. கடப்பிதழ் அட்டையிலும் ஒற்றைச் சொல்தான்.

மொழிபெயர்ப்பவர்கள் தடுக்கி விழும் இடம் வேறு. கடிதத்தாளில் 'கெராஜாஆன் மலேசியா' என்று கண்டதும், உள்ளே 'ராஜா' இருக்கிறாரே என்று 'மலேசிய முடியரசு' எனப் போட்டுவிடுகிறார்கள். அது வெறும் 'மலேசிய அரசாங்கம்'. மன்னராட்சியின் அடையாளம் வேண்டுமென்றால் அரசாங்க உறையின் மேல் அச்சிட்டிருக்கும் 'உருசான் செரி படுக்கா பாகிண்டா' என்ற வரியைப் பாருங்கள். மாமன்னர் பணி நிமித்தம் என்று பொருள்.

'1957இல் மலேசியா விடுதலை பெற்றது' என்பதும் பிழை. அந்த ஆகஸ்ட் 31இல் விடுதலை பெற்றது மலாயாக் கூட்டரசு. மலேசியா என்ற பெயர் 1963 செப்டம்பர் 16இல்தான் வந்தது. ஆனால் ஐ.நா.வில் 1957இல் பெற்ற அதே இடம் தொடர்ந்தது, புதிதாக விண்ணப்பிக்கவில்லை.

மாமன்னரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுப்பதால் இது பாதிக் குடியரசு என்று வாதிடுவோரும் உண்டு. வாக்களிப்பவர்கள் யார், யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பார்த்தால் வாதம் நிற்காது: ஒன்பது மாநில ஆட்சியாளர்கள் தங்களுக்குள் ஒருவரை இரகசிய வாக்கில் தேர்கிறார்கள். பினாங்கில் சுல்தான் இல்லாததால் அது குடியரசு மாநிலம் ஆகிவிடாது. ஆளுநரை நியமிப்பவரே மாமன்னர்தான். மலாக்கா, சபா, சரவாக்கிலும் அப்படியே. அந்த நான்கு ஆளுநர்களுக்கும் மாமன்னர் தேர்தலில் வாக்கில்லை.

பெயரில் 'குடியரசு' இருந்தால்தான் குடியரசு என்பதும் தவறு. இந்திய அரசமைப்பின் முதல் பிரிவு 'இந்தியா, அதாவது பாரதம், மாநிலங்களின் ஒன்றியம்' என்கிறது. குடியரசு என்ற சொல் அங்கே இல்லை, முகப்புரையில் இருக்கிறது. 52ஆம் பிரிவு குடியரசுத் தலைவர் ஒருவர் இருப்பார் என்கிறது. நாட்டுத் தலைவர் யார், எப்படி வருகிறார் என்பதைத்தான் முதலில் தேட வேண்டும். சிங்கப்பூர் 1965 ஆகஸ்ட் 9இல் பிரிந்தது. குடியரசாக்கிய சட்டம் டிசம்பர் 22இல் நிறைவேறி, ஆகஸ்ட் 9 முதலே செல்லும் என்றானது. 'பிரிந்த அன்றே சட்டம் போட்டார்கள்' என்று எழுதினால் தேதி இடிக்கும்.

கடைசியாக, கோப்பிக் கடைக் கணக்கு: மக்களவையின் 222 பேரில் 148 பேர் கைதூக்கினால் நாட்டைக் குடியரசாக்கிவிடலாமாம். மேலவையிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அதுவும் போதாது. ஆட்சியாளர்களின் நிலையை நேரடியாகத் தொடும் எந்தச் சட்டமும் ஆட்சியாளர்கள் மன்றத்தின் ஒப்புதலின்றி நிறைவேறாது என்று 38(4) பிரிவு சொல்கிறது.