பழுப்புப் புள்ளியைக் கண்டதும் மருந்தடிக்காதீர்கள்: பெரணி வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரணி எனப்படும் ஃபெர்ன் செடியின் இலையை முதன்முறையாகத் திருப்பிப் பார்ப்பவர்கள் பதறிப்போவதுண்டு. அடிப்பக்கம் முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். பூச்சியோ பூஞ்சையோ என்று நினைத்து மருந்தடிக்கிறார்கள், சிலர் இலையையே வெட்டி எறிகிறார்கள். உண்மையில் செடி நன்றாக இருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. பெரணிக்குப் பூவும் இல்லை, விதையும் இல்லை. ஸ்போர் என்ற நுண்ணிய தூள்தான் அதன் வாரிசு. அந்தத் தூளை வைத்திருக்கும் பைகளின் கொத்துதான் அந்தப் புள்ளி, சோரஸ் என்பார்கள்.

பூச்சியா சோரஸா என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. சோரஸ் ஒழுங்காக இருக்கும். நரம்பை ஒட்டியோ விளிம்பை ஒட்டியோ ஒரே அளவில், ஒரே இடைவெளியில் அமைந்திருக்கும். பறவைக்கூடு பெரணியில் சாய்வான கோடுகளாகத் தெரியும். மெல்லிய கறுப்புக் காம்புள்ள மெய்டன்ஹேர் பெரணியில் மடிந்த இலை விளிம்புக்கு அடியில் ஒளிந்திருக்கும். மான்கொம்புப் பெரணியில் இலை நுனியில் பழுப்புத் திட்டாகவே படர்ந்துவிடும். செதில் பூச்சி அப்படியல்ல. காம்பிலும் இலையிலும் கண்டபடி ஒட்டியிருக்கும், நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வரும், இலை பிசுபிசுக்கும். பூச்சியே என்றாலும் எடுத்தவுடன் எண்ணெய் மருந்து வேண்டாம். பல பெரணிகளின் மெல்லிய இலை அதைத் தாங்காது. ஈரப் பஞ்சால் துடைத்தெடுப்பதே நல்லது.

அடுத்த தவறு, ஸ்போரை விதை மாதிரி மண்ணுக்குள் புதைப்பது. பெரும்பாலான ஸ்போர்கள் முளைக்க வெளிச்சம் வேண்டும். செடியில் அது பரவும் விதமே தனி. பையைச் சுற்றியுள்ள வளையச் செல்கள் காய்ந்து இறுகி, சட்டென்று விடுபடும்போது கவணில் வைத்த கல்லைப் போல ஸ்போர் தூக்கி எறியப்படும். அது ஈரமான இடத்தில் விழுந்தால் நேராகப் பெரணியாக முளைப்பதில்லை. முதலில் 1 செ.மீ.க்கும் குறைவான, பெரும்பாலும் இதய வடிவிலான ஒரு பச்சைத் தகடு வளர்கிறது. பெயர் புரோதாலஸ். அதன் அடியில்தான் ஆண், பெண் உறுப்புகள் உண்டாகின்றன. ஆண் அணு, நீர்ப்படலத்தில் நீந்திப் போய்த்தான் முட்டையை அடைய வேண்டும். அதன் பிறகே நாம் அறிந்த பெரணி தலைகாட்டும். இப்படி இரண்டு தலைமுறைகள் மாறிமாறி வரும் விதத்தை 1851-இல் விளக்கியவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் ஹோஃப்மெய்ஸ்டர்.

எனவே வெந்நீர் ஊற்றிச் சுத்தம் செய்து ஆறவிட்ட மண்கலவையின் மேல் தூளைத் தூவினால் போதும், மூடவே கூடாது. மேலே கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ வைத்து ஈரத்தைக் காக்க வேண்டும். சில வாரங்களில் மண்மேல் பச்சையாக ஏதோ படரும். பாசி பிடித்துவிட்டது என்று அதைக் கொட்டிவிடுகிறவர்கள்தான் அதிகம்! முழுச் செடிக்குப் பல மாதங்கள் ஆகலாம். அவசரம் என்றால் தூரைப் பிரித்து நடுங்கள். பாஸ்டன் ஃபெர்ன் வகையை, அது விடும் ஓடுதண்டுகளிலிருந்தே பெருக்கலாம்.

நீர் விஷயத்தில் எல்லோரும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். பெரணி விரும்புவது ஈரக் காற்றும், காயாத ஆனால் நீர் வடியும் மண்ணும். தேங்கிய தண்ணீரில் வேர் அழுகும். பறவைக்கூடு பெரணியின் நடுக்குழியில் ஊற்றினால் குருத்தே அழுகிவிடும், ஓரமாக மண்ணில் ஊற்றுங்கள். நிழல் என்றால் இருட்டு மூலை என்றும் அர்த்தமில்லை. நேர் வெயில் படாத வெளிச்சம் தேவை. மெய்டன்ஹேர் ஒருமுறை காய்ந்து சுருண்டால் தூக்கி எறியாமல், இலைகளை அடியோடு வெட்டி மண்ணை ஈரமாக வைத்துப் பாருங்கள். தண்டுக்கு உயிர் இருந்தால் மறுபடி துளிர்க்கும். மண்மேல் ரோமத்தோடு ஊர்ந்து போகும் முயல்கால் பெரணியின் தண்டைப் புதைக்காதீர்கள். மான்கொம்புப் பெரணியின் அடியில் காய்ந்து பழுத்த கேடய இலைகளையும் பிய்க்கக் கூடாது, வேரைக் காப்பவை அவைதான்.

அப்புறம், அஸ்பராகஸ் ஃபெர்ன் பெரணியே அல்ல. பூக்கும், சிவப்புப் பழம் வைக்கும், அந்தப் பழம் பூனைக்கும் நாய்க்கும் ஆகாது. பாஸ்டன் ஃபெர்ன் அவற்றுக்கு ஆபத்தில்லாதது. பெயரை நம்பி இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட வேண்டாம்.

சமையலில் செய்யும் தவறுதான் ஆபத்தானது. சுருண்ட இளங்குருத்து எல்லாம் கீரை ஆகாது. உலகெங்கும் பரவியுள்ள பிராக்கன் பெரணியில் டாக்விலோசைடு என்ற நச்சு இருக்கிறது. புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை இந்தச் செடியை 2பி பிரிவில், அதாவது புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளவை பட்டியலில் வைத்திருக்கிறது. உண்ணத்தக்க ஆஸ்ட்ரிச் ஃபெர்ன் குருத்தையும் அரைவேக்காட்டில் தின்று வாந்தி, வயிற்றுப்போக்கால் அவதிப்பட்டவர்கள் உண்டு. 15 நிமிடமாவது கொதிக்க வேண்டும், வடித்த நீரைக் கொட்டிவிட வேண்டும். இனம் தெரியாவிட்டால் தொடாதீர்கள். வளர்ந்த மண்ணும் முக்கியம். டெரிஸ் விட்டேட்டா என்ற பெரணி மண்ணிலுள்ள ஆர்சனிக்கை உறிஞ்சி இலையில் சேர்த்துவைப்பதை 2001-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். மாசுபட்ட இடத்தில் அதை வளர்த்துவிட்டு, வெட்டிய இலையை உரக்குழியில் போட்டால் நஞ்சு திரும்பத் தோட்டத்துக்கே வரும்.

காற்றைச் சுத்தப்படுத்தும் என்று பாஸ்டன் ஃபெர்ன் வாங்குபவர்கள் நிறைய. 1989-இல் நாசா வெளியிட்ட ஆய்வு, மூடிய சிறு பெட்டிக்குள் செடிகளை வைத்துச் செய்தது. காற்று வந்துபோகும் அறையில் ஓரிரு தொட்டிகளால் அந்தப் பலன் கிடைக்காது. அழகுக்காக வாங்குங்கள், அது போதாதா?

நிஜமாகவே பயன் தரும் பெரணி வேண்டுமானால் அசோலா இருக்கிறது. தண்ணீரில் மிதக்கும் சின்னஞ்சிறு பெரணி. அதன் இலைக்குள் வாழும் நீலப்பச்சைப் பாசி காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் நெல் வயலுக்கு உரம், கால்நடைக்குத் தீவனமும்கூட. சாதகமான சூழலில் சில நாட்களிலேயே இரட்டிப்பாகும் என்பதால் அடிக்கடி ஒரு பகுதியை அள்ளிவிடுங்கள். மிஞ்சியதைக் குளத்திலோ ஓடையிலோ கொட்டாதீர்கள். நீர்ப்பரப்பை முழுக்க மூடி, அடியிலுள்ள உயிர்களுக்கு வெளிச்சத்தையும் காற்றையும் மறித்துவிடும்.