மவுஸுக்குக் கை போகாமல்: மெதுவான டெஸ்க்டாப்புக்குச் சில இலவச மென்பொருள்களும் குறுக்கு விசைகளும்

கணினி மெதுவாக இருக்கிறது என்று சொல்பவர் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கவனித்தால் ஒன்று புரியும். பெரும்பாலான நேரம் கணினி சும்மாதான் இருக்கிறது. அவர்தான் போன மாதம் சேமித்த கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார். புது ரேம் வாங்குவதற்கு முன்னால் இந்த அலைச்சலைக் குறைத்துப் பாருங்கள். கீழே உள்ளவை விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். செலவு எதுவும் இல்லை.

ஒரு சிறு குறிப்பு. கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்கேப் என்று எழுதியிருந்தால், முதல் இரண்டையும் அழுத்திப் பிடித்தபடி கடைசி விசையை ஒரு தடவை தட்ட வேண்டும். விண்டோஸ் விசை என்பது கீழ் வரிசையில், இடது ஆல்ட்டுக்குப் பக்கத்தில், சன்னல் படம் போட்டிருக்கும் விசை.

முதலில் தானாகக் கிளம்புபவற்றை நிறுத்துங்கள்

கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்கேப் அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். விண்டோஸ் 10-இல் சின்னதாகத் திறந்தால், கீழே உள்ள மோர் டீடெய்ல்ஸைத் தட்டுங்கள். அதில் ஸ்டார்ட்அப் என்ற பகுதிக்குப் போனால், கணினியை இயக்கியதும் தாமாகவே ஓடத் தொடங்கும் மென்பொருள்களின் பட்டியல் இருக்கும். தினமும் தேவைப்படாததைத் தேர்ந்தெடுத்து டிசேபிள் கொடுங்கள். இதனால் அந்த மென்பொருள் அழிந்துவிடாது. நீங்கள் திறக்கும்போது மட்டும் ஓடும். ஆன்டிவைரஸ், ஒலி சம்பந்தப்பட்டவை, தமிழ்த் தட்டச்சுக்கு நீங்கள் போட்டிருக்கும் மென்பொருள் ஆகியவற்றைத் தொடாதீர்கள். பெயர் புரியாவிட்டால் அதையும் அப்படியே விட்டுவிடுங்கள்.

எவ்ரிதிங்: ஒரே ஒரு மென்பொருள்தான் போடுவேன் என்றால் இதைப் போடுங்கள்

வாய்டுடூல்ஸ் தரும் எவ்ரிதிங் கோப்புகளைப் பெயரை வைத்துத் தேடித் தரும் மிகச் சிறிய மென்பொருள். நீங்கள் இரண்டு எழுத்து அடிப்பதற்குள் பட்டியல் வந்துவிடும். வன்தட்டில் எந்தெந்தக் கோப்பு இருக்கிறது என்று விண்டோஸ் தன் வசதிக்காகவே ஒரு அட்டவணை வைத்திருக்கிறது. எவ்ரிதிங் ஃபோல்டர் ஃபோல்டராகப் போய்ப் பார்க்காமல் நேராக அந்த அட்டவணையைப் படிப்பதால்தான் இவ்வளவு வேகம்.

1. தேடுபொறியில் பெயரைப் போட்டதும் மேலே விளம்பரமாக வரும் முடிவுகளைத் தட்டாதீர்கள். அசல் போலவே தோன்றும் போலித் தளங்கள் அந்த இடத்தில் வருவதுண்டு. வாய்டுடூல்ஸின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். கீழே சொல்லப்போகும் மற்ற மென்பொருள்களுக்கும் இதே விதிதான்.

2. நிறுவும்போது எவ்ரிதிங் சர்வீஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் திறக்கும்போதெல்லாம் விண்டோஸ் அனுமதி கேட்டுக்கொண்டிருக்கும்.

3. திறந்ததும் கோப்பின் பெயரில் நினைவிருக்கும் ஏதாவது ஒரு துண்டை அடியுங்கள். வார்த்தை வரிசை மாறினாலும் பரவாயில்லை. தமிழில் பெயர் வைத்திருந்தால் தமிழிலேயே தேடலாம். ஒன்றுமே வரவில்லை என்றால் முதலில் விசைப்பலகை எந்த மொழியில் இருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸ் + ஸ்பேஸ் தட்டினால் மொழி மாறும்.

4. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், கீபோர்டு என்று போய், இதைத் திறக்க ஒரு குறுக்கு விசை வையுங்கள். கன்ட்ரோல் + ஆல்ட் + ஸ்பேஸ் நன்றாக இருக்கும். கன்ட்ரோல் + ஆல்ட் + எஃப் வைக்கலாமே என்று தோன்றும். ஆனால் எம்எஸ் வேர்டில் அது அடிக்குறிப்பு போடும் விசை, அதனால் வேண்டாம்.

இதற்கு இன்னொரு பயனும் உண்டு. தேடல் பெட்டியைக் காலியாக விட்டு, சைஸ் என்ற தலைப்பின் மேல் தட்டி, பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துங்கள். வட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் கோப்புகள் மேலே வந்து நிற்கும். என்றோ இறக்கிய படங்களும் ஒரே வீடியோவின் இரண்டு பிரதிகளும் அங்கே தெரியும். பேஜ்ஃபைல், ஹைபர்ஃபில் என்ற பெயர்களில் பெரிய கோப்புகள் இருந்தால் கை வைக்காதீர்கள், அவை விண்டோஸுக்குச் சொந்தமானவை. விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருப்பவையும் அப்படியே.

எவ்ரிதிங் பெயரைத்தான் தேடும், கோப்புக்குள் எழுதியிருப்பதை அல்ல. அதனால் இனிமேல் 'புதியது', 'ஃபைனல்' என்று பெயர் வைக்காமல் என்ன ஆவணம், எந்த வருடம் என்று வையுங்கள். பெயர் மாற்ற எஃப்2 தட்டுங்கள். ஒன்றை மாற்றியதும் டேப் தட்டினால் அடுத்த கோப்பின் பெயர் மாற்றத்துக்குத் தயாராக நிற்கும். ஒரு ஃபோல்டர் முழுவதையும் இப்படியே கீபோர்டிலிருந்து கை எடுக்காமல் முடித்துவிடலாம்.

காப்பி எடுத்ததை இழக்காமல் இருக்க

ஒன்றைக் காப்பி எடுத்தபின் இன்னொன்றைக் காப்பி எடுத்தால் முதலாவது போய்விடும் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். விண்டோஸ் + வி தட்டிப் பாருங்கள். முதல் தடவை டர்ன் ஆன் என்று கேட்கும், ஒப்புக்கொள்ளுங்கள். அதன்பின் காப்பி எடுக்கும் கடைசி 25 துண்டுகள் வரை அங்கே பட்டியலாக இருக்கும். வேண்டியதைத் தேர்ந்தெடுத்தால் ஒட்டிக்கொள்ளும். ஒரே விண்ணப்பத்தைத் திரும்பத் திரும்ப நிரப்புபவர்களுக்கு இது பெரிய உபகாரம். முகவரி, வங்கிக் கிளைப் பெயர் போன்றவற்றைப் பின் செய்து, அதாவது பட்டியலிலேயே நிலையாக நிறுத்தி வைத்தால், கணினியை அணைத்து ஏற்றினாலும் அவை மட்டும் நிற்கும். மற்றவை போய்விடும்.

அதுவும் போதவில்லை என்றால் டிட்டோ என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். காப்பி எடுத்தவற்றை அது வட்டிலேயே சேமித்து வைக்கும், அவற்றுக்குள் தேடவும் முடியும். ஆனால் பலர் பயன்படுத்தும் கணினி, கடைக் கணினி என்றால் இரண்டுமே வேண்டாம். நீங்கள் காப்பி எடுத்த கடவுச்சொல்லும் அந்தப் பட்டியலில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டிய மற்ற விசைகள்

விண்டோஸ் + ஷிஃப்ட் + எஸ் தட்டினால் திரையில் வேண்டிய பகுதியை மட்டும் படம் பிடிக்கலாம். விண்டோஸ் + இடது அம்பு, விண்டோஸ் + வலது அம்பு இரண்டும் திரையைப் பாதிப் பாதியாகப் பிரித்துத் தரும். ஒரு பக்கம் பார்த்து இன்னொரு பக்கம் தட்டச்சு செய்ய இதைவிட வசதி இல்லை. எழுந்து போகும்போது விண்டோஸ் + எல் தட்டினால் பூட்டிக்கொள்ளும். கீழ்ப்பட்டையில் பின் செய்த மென்பொருள்களை விண்டோஸ் + 1, விண்டோஸ் + 2 என்று வரிசை எண்ணாலேயே திறக்கலாம்.

சொந்தமாகவும் விசை வைத்துக்கொள்ளலாம். டெஸ்க்டாப்பில் இருக்கும் ஷார்ட்கட் ஐகானின் மேல் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், ஷார்ட்கட் கீ என்ற பெட்டி. அதில் ஒரு எழுத்தைத் தட்டினால் கன்ட்ரோல் + ஆல்ட் தானாகவே சேர்ந்துகொள்ளும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்யப் பார்க்காதீர்கள், ஒன்றும் நிற்காது. ஒரு விசையை எடுத்துக்கொண்டு, அந்த வேலைக்கு மவுஸைத் தொடுவதில்லை என்று சில நாள் பிடிவாதமாக இருங்கள். அது கைக்கு வந்த பிறகு அடுத்தது.

விசை ஒன்று செத்துப்போயிருந்தால்

பழைய கீபோர்டில் டெலீட்டோ ஏதோ ஒரு எழுத்தோ வேலை செய்யாமல் போவது சகஜம். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸில் கீபோர்டு மேனேஜர் என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் ரீமேப் எ கீ என்பதற்குப் போய், யாரும் தொடாத ஸ்க்ரோல் லாக்கை டெலீட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். பவர்டாய்ஸில் இன்னும் நிறைய வசதிகள் உண்டு. நினைவகம் குறைவான கணினியில் தேவையில்லாதவற்றை அணைத்து வைப்பது நல்லது.

செத்த விசை உங்கள் கடவுச்சொல்லில் வரும் எழுத்தாக இருந்தால் மட்டும் ஒரு சிக்கல். உள்நுழையும் திரையில் இந்த மாற்றம் வேலை செய்யாது. அங்கே வலது கீழ் மூலையில் உள்ள அக்சஸிபிலிட்டி ஐகானைத் தட்டி, ஆன் ஸ்கிரீன் கீபோர்டைத் திறந்து, அந்த எழுத்தை மவுஸால் அழுத்திக்கொள்ளுங்கள்.