கடல்மீன் தொட்டிக்கு வீட்டிலேயே உறைய வைக்கும் தீனி

கடலூர் முதுநகர்த் துறைமுகத்துக்கு அதிகாலையில் போனால், கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கும் கோமாளி மீனுக்கும் டாங் மீனுக்கும் ஒரு மாதம் போடும் தீனிக்கு வேண்டியவை அநேகமாக ஒரே இடத்தில் கிடைத்துவிடும். இவ்வளவு அருகில் கடல் இருந்தும் நாம் கடையில் விற்கும் உறைந்த தீனிப் பொட்டலங்களையே நம்பியிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அரைக் கிலோ தீனிக்கு 250 கிராம் இறால், 100 கிராம் ஊசிக்கணவாய், 100 கிராம் கிழங்கான், 50 கிராம் மட்டிச் சதை என்பது என் கணக்கு. கிழங்கானைச் சொல்வதற்குக் காரணம் அதன் கொழுப்புக் குறைந்த வெள்ளைச் சதை. சினை கிடைத்தால் அதையும் சேர்க்கலாம். டாங் போன்ற பாசி மேயும் மீன்கள் இருந்தால், உப்பும் எண்ணெயும் இல்லாத நோரித் தாள்கள் (உலர்த்திய கடற்பாசித் தாள்கள்) ஐந்தைப் பொடியாகக் கிழித்துக் கலக்க வேண்டும். நன்னீர் மீன்களுக்குச் சிலர் கொடுக்கும் மாட்டு இதயம் இங்கே வேண்டாம். நிலவிலங்கின் கொழுப்பு கடல் மீன்களுக்கு ஒத்துவராது.

மட்டியிலும் மத்தியிலும் தயமினேஸ் என்னும் நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1ஐச் சிதைக்கும். உறைய வைப்பதால் அழியாது, சூட்டில்தான் அழியும். ஆகவே மட்டியை மட்டும் ஐந்து நிமிடம் கொதிக்க வைத்துச் சதையை எடுங்கள். மற்றவை பச்சையாகவே இருக்கட்டும். இறாலின் தலை, ஓடு, குடல், கணவாயின் மைப்பை, மீனின் முள் ஆகியவற்றை நீக்கி, ஆர்ஓ நீரில் ஒருமுறை அலசி, வடித்து, துணியில் ஒற்றி எடுங்கள்.

மிக்ஸியில் விழுதாக அரைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. நானும் முதன்முறை அப்படித்தான் செய்தேன், தொட்டி நீர் மறுநாள் காலை வரை பால்போலக் கலங்கிக் கிடந்தது. கணவாயைக் கத்தியால் நறுக்குங்கள். மற்றவற்றை மிக்ஸியில் விட்டுவிட்டு இரண்டு மூன்று சுற்று மட்டும் ஓட்டி, கோமாளி மீனின் வாய்க்கு ஏற்ற இரண்டு மூன்று மில்லிமீட்டர் துண்டுகளாக நிறுத்துங்கள்.

துண்டுகள் நீரில் சிதறாமலிருக்க ஏதாவது ஒன்று பிணைக்க வேண்டும். ஜெலட்டின் எளிது என்றாலும் நம் கோடையில் 30 பாகையைத் தொடும் தொட்டி நீரில் அது இளகிவிடும் என்பதால், மளிகைக் கடைகளில் சைனா கிராஸ் என்று விற்கும் அகாரையே நான் பயன்படுத்துகிறேன். ஆறு கிராம் அகார்ப் பொடியை 150 மில்லி ஆர்ஓ நீரில் நன்றாகக் கொதிக்க விட்டு, குளிர்ச்சி விட்ட கலவையில் சூடாகவே ஊற்றி விரைந்து கிளற வேண்டும். கலவை சில்லென்று இருந்தால் ஊற்றிய இடத்திலேயே அகார் கட்டியாகிவிடும். மீன்களுக்கான வைட்டமின் திரவத்தைச் சூடு தணிந்தபின், இறுகுவதற்குள் கலந்துவிட வேண்டும்.

ஜிப் பைகளில் அரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, கத்தியின் முதுகால் கட்டம் கட்டமாக அழுத்திவிட்டு, தேதி எழுதி, மைனஸ் 18 பாகையில் வையுங்கள். மெல்லிய தகடு விரைவில் உறையும், வேண்டிய அளவு ஒடித்தும் எடுக்கலாம். மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

போடும்போது ஒரு துண்டைக் கிண்ணத்தில் தொட்டி நீர் ஊற்றிக் கரைய விட்டு, டீ வடிகட்டியில் வடித்து, அந்தச் சாற்றைக் கொட்டிவிடுங்கள். தொட்டியில் பாசியை வளர்க்கும் பாஸ்பேட் அதிலும் கொஞ்சம் இருக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே போதும்.

எவ்வளவு சேர்த்து வைப்பது என்பதைக் காலம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாததால் வரத்துக் குறைந்து விலை ஏறும். ஏப்ரல் முதல் வாரத்தில் இரண்டு மாதத்துக்கும் சேர்த்துச் செய்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் இரண்டு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபின் பல நாள் மின்சாரம் இல்லாமல் இருந்த ஊர் இது; ஒருமுறை இளகிய தீனியை மறுபடி உறைய வைக்காமல் எறிந்துவிடுங்கள்.