தைராய்டு கட்டி: ஸ்கேன் ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது

திருப்பாதிரிப்புலியூரில் ஸ்கேன் பார்க்கிறேன். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பெரும்பாலானோர் முதலில் தேடுவது சென்டிமீட்டரைத்தான். "எவ்வளவு பெருசு டாக்டரம்மா?" அளவு முக்கியம்தான், ஆனால் அதைப் பிறகு பாருங்கள். கட்டி எப்படித் தெரிகிறது என்பதுதான் முதல் கேள்வி.

வெறும் வயிற்றில் வரத் தேவையில்லை. தாலியைக் கழற்றவும் வேண்டாம், ஓரமாக ஒதுக்கினால் போதும். தோளுக்கடியில் தலையணை வைத்துக் கழுத்தை நிமிர்த்துவோம். நடுவில் ஒருமுறை எச்சில் விழுங்கச் சொன்னால் விழுங்குங்கள், சுரப்பியின் கீழ்முனை அப்போதுதான் மேலே வந்து தெரியும். (சுவரில் 'ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டோம்' என்ற பலகை இருக்கும். கழுத்துக்கு வந்தவர்களும் அதைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். சட்டப்படி அது இருந்தாக வேண்டும்.)

டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனையையும் செய்துவிடுங்கள். அது குறைவாக இருந்தால், கட்டியே ஹார்மோனை அதிகம் சுரக்கிறதா என்று பார்க்க நியூக்ளியர் ஸ்கேன் தேவைப்படலாம். புதுச்சேரி ஜிப்மரில் அதற்கான துறை இருக்கிறது. அதிகம் சுரக்கும் கட்டி புற்றுநோயாக இருப்பது அரிது. ஆனால் டிஎஸ்ஹெச் நார்மல் என்பதால் கட்டியும் நல்லது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

இப்போது ரிப்போர்ட்டுக்கு வருவோம். தைராய்டு கட்டிகளைத் தரம்பிரிக்க 2017இல் வெளியான அமெரிக்க டி-ராட்ஸ் முறையில் ஐந்து விஷயங்களுக்கு மதிப்பெண் உண்டு: கட்டி நீரா திடமா, எவ்வளவு கறுப்பாகத் தெரிகிறது, குறுக்குவெட்டில் அகலத்தைவிட உயரம் அதிகமா, ஓரம் எப்படி, உள்ளே வெள்ளைப் புள்ளிகள் உண்டா. கூட்டுத்தொகை 0 என்றால் டிஆர் 1, 2 என்றால் டிஆர் 2, 3 என்றால் டிஆர் 3, 4 முதல் 6 வரை டிஆர் 4, 7உம் அதற்கு மேலும் டிஆர் 5. டிஆர் எண் கூடக் கூடச் சந்தேகமும் கூடும்.

பண்ருட்டியிலிருந்து வரும் ஓர் அம்மாவுக்கு 3 செ.மீ. கட்டி என்று வையுங்கள். உள்ளே முழுக்க, இட்லியைப் பிட்டால் தெரிவது போலச் சின்னச் சின்ன ஓட்டைகள். மதிப்பெண் 0, ஊசிப் பரிசோதனை (மெல்லிய ஊசியால் செல்களை எடுத்துப் பார்ப்பது) வேண்டாம். பின்னாலேயே வரும் இளைஞருக்கு 1.2 செ.மீ.தான். ஆனால் திடமானது (2), கறுப்பு (2), அகலத்தைவிட உயரம் அதிகம் (3), நுண்ணிய வெள்ளைப் புள்ளிகள் (3). ஆக 10, டிஆர் 5. அவருக்குத்தான் ஊசி.

அளவு இங்கேதான் உள்ளே வருகிறது. டிஆர் 3 என்றால் 2.5 செ.மீ., டிஆர் 4 என்றால் 1.5, டிஆர் 5 என்றால் 1 செ.மீ. எட்டினால் ஊசிப் பரிசோதனை, அதாவது எஃப்என்ஏசி. அதற்குச் சற்றுச் சிறியவற்றை இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தால் போதும்: டிஆர் 5க்கு ஆண்டுதோறும் 5 ஆண்டுகள், டிஆர் 4க்கு 1, 2, 3, 5ஆம் ஆண்டுகளில், டிஆர் 3க்கு 1, 3, 5இல். ரிப்போர்ட்டில் டிஆர் எண்ணோ, பக்கவாட்டு நெறிக்கட்டிகள் பற்றிய வரியோ இல்லையென்றால் தயங்காமல் கேளுங்கள். என்னைக் கேட்டால் அந்த நெறிக்கட்டி வரி இல்லாத ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்தான்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், ஊசி போடுவதற்கு முன் அதைச் சொல்லிவிடுங்கள். முடிவு பெத்தெஸ்டா என்ற வகைப்பாட்டில் 1 முதல் 6 வரை வரும். 1 வந்தால் போதுமான செல் கிடைக்கவில்லை, திரும்ப எடுக்க வேண்டும் என்று பொருள். 2 என்றால் சாதாரணக் கட்டி.

குரல் கம்மினாலோ, கட்டி வேகமாக வளர்ந்தாலோ, விழுங்கச் சிரமம் வந்தாலோ அடுத்த தேதிவரை காத்திருக்க வேண்டாம்.

அப்புறம், போன வருடம் 1.6, இப்போது 1.7 என்று பயந்து போன் செய்கிறவர்கள் உண்டு. நீளம், அகலம், உயரம் ஆகியவற்றில் இரண்டு அளவுகளாவது 20 சதவீதமும் 2 மி.மீ.யும் கூடியிருந்தால், இல்லையென்றால் கன அளவு 50 சதவீதம் கூடியிருந்தால்தான் வளர்ந்ததாகக் கொள்வோம். இதை ஒப்பிடப் பழைய படம் வேண்டும். வழுவழுப்பான தாளில் தரும் படம் நாளாக ஆக மங்கிவிடும், மொபைலில் போட்டோ எடுத்து வையுங்கள். லேமினேட் செய்ய மட்டும் கொடுத்துவிடாதீர்கள், சூடு பட்டால் தாள் முழுக்கக் கறுத்துவிடும்.