80 ஆயிரம் போனா, 28 ஆயிரம் போனா: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

கடைக்குக் கிளம்பும் முன் ஒரு தாளில் நான்கு எண்களை எழுதுங்கள்: போனின் விலை, எத்தனை வருஷம் வைத்திருப்பீர்கள், நடுவில் பேட்டரி மாற்ற என்ன ஆகும், கடைசியில் விற்றால் என்ன கிடைக்கும். விலையோடு பேட்டரிச் செலவைக் கூட்டி, விற்கும் தொகையைக் கழித்து, வருஷத்தால் வகுத்துவிடுங்கள்.

உத்தேசமாக ஒரு கணக்கு. ரூ.80,000 விலையில் நிறுவனத்தின் உச்ச மாடலான ஃபிளாக்‌ஷிப், 4 வருஷம், பேட்டரிக்கு 7,000, விற்றால் 15,000 என்றால் வருஷத்துக்கு ரூ.18,000. ரூ.28,000 போன், 3 வருஷம், பேட்டரிக்கு 2,500, விற்றால் 5,000 என்றால் வருஷத்துக்கு ரூ.8,500. வித்தியாசம் மாசத்துக்குக் கிட்டத்தட்ட 800 ரூபாய். நல்ல கேமராவுக்காக மாசாமாசம் 800 ரூபாய் சந்தா கட்டச் சொன்னால் கட்டுவீர்களா? ஆம் என்றால் தாராளமாக வாங்கலாம்.

"7 வருஷம் அப்டேட் வருமே" என்பார்கள். உண்மைதான், பிக்சல் 8 (2023), கேலக்ஸி எஸ்24 (2024) முதல் அந்த வாக்குறுதி இருக்கிறது. ஆனால் அதே 80 ஆயிரம் போனை 6 வருஷம் ஓட்டி, இரண்டு தடவை பேட்டரி மாற்றி, 6,000-க்கு விற்றாலும் வருஷத்துக்கு 14,700 வருகிறது. நடுவில் ஒருமுறை டிஸ்ப்ளே உடைந்தால் கணக்கே கவிழும். ஒரிஜினல் டிஸ்ப்ளேவுக்கே 20 ஆயிரத்துக்கு மேல் கேட்கும் மாடல்கள் உண்டு.

வாட்ஸ்அப், யூடியூப், யூபிஐ, பேச்சு: இவற்றில் இரண்டு போனுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. கொடுத்த காசு கண்ணுக்குத் தெரிவது கேமராவில்தான், அதுவும் வெளிச்சம் குறைந்த இடத்தில். மெகாபிக்சலைப் பார்க்காதீர்கள், சென்சார் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு) அளவைப் பாருங்கள். மெயின் கேமரா 1/1.3 அங்குல சென்சார் என்றால், மலிவு போன்களில் வரும் 1/2.76 அங்குலத்தைவிடப் பரப்பு நான்கு மடங்குக்கும் மேல்; அவ்வளவு கூடுதலாக வெளிச்சம் விழும். 2 மெகாபிக்சல் மேக்ரோ, டெப்த் கேமராக்கள் எண்ணிக்கைக்காக ஒட்டப்பட்டவை. அவற்றைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்.

கடையில் இரண்டு சோதனை செய்யுங்கள். வெளிச்சம் குறைந்த மூலையில் கூட வந்தவரை நடக்கவிட்டுப் படம் எடுங்கள். ஓஐஎஸ் என்ற, லென்ஸை அசைத்துப் படத்தை நிலைப்படுத்தும் வசதி நம் கை நடுக்கத்தை மட்டும்தான் சரிக்கட்டும். எதிரே இருப்பவர் அசைந்தால் ஒன்றும் செய்யாது. முகம் இழுபட்டு வந்தால், வீட்டில் ஓடியாடும் குழந்தையும் அப்படித்தான் விழும். அடுத்து, அதே மூலையில் 3 மடங்கு ஜூம் வைத்து, ஜூம் லென்ஸை விரலால் மூடுங்கள். திரை இருளாமல் படம் அப்படியே தெரிந்தால், போன் மெயின் கேமரா படத்தை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுகிறது என்று அர்த்தம். ஜூம் சென்சார் சிறியதாக இருப்பதால் இருட்டில் பல போன்கள் செய்யும் வேலை இது. ஜூமுக்காகவே கூடுதல் விலை கொடுப்பவர்கள் இதைப் பார்க்காமல் பில் போடக் கூடாது.

மிச்சம் பிடிக்கிறேன் என்று ரொம்பவும் கீழே இறங்கினாலும் நஷ்டம். மலிவு போன்கள் இரண்டு வருஷத்தில் திணறுவதற்குப் பெரும்பாலும் ஸ்டோரேஜ்தான் காரணம். அதில் இரண்டு வகை: பழைய இஎம்எம்சி, புதிய யூஎஃப்எஸ். இஎம்எம்சி 5.1 நொடிக்குச் சுமார் 300 எம்பி படிக்கும், யூஎஃப்எஸ் 2.2 சுமார் 1,000, யூஎஃப்எஸ் 3.1 சுமார் 2,000. இஎம்எம்சி ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் முடியாது. யூஎஃப்எஸ் இரண்டையும் செய்யும். டெமோ போனில் ப்ளே ஸ்டோரிலிருந்து பெரிய ஆப் ஒன்றை இறக்கி, அது இன்ஸ்டால் ஆகும்போதே கேமராவைத் திறந்து பாருங்கள். சில நொடி உறைந்து நின்றால் அந்த மாடல் வேண்டாம். "6 ஜிபி + 6 ஜிபி ரேம்" என்ற ஸ்டிக்கரையும் நம்ப வேண்டாம். இரண்டாவது 6 ஜிபி, அதே மெதுவான ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியதுதான். 128 ஜிபி யூஎஃப்எஸ், 8 ஜிபி நிஜ ரேம்: இதற்குக் கீழே போகாதீர்கள்.

கணக்குக்கு நன்றாக ஒத்துவருவது போன வருஷத்து ஃபிளாக்‌ஷிப். ஐபோன் 15 இந்தியாவில் ரூ.79,900-க்கு வந்தது, மறு வருஷம் 16 வெளியானதும் ரூ.69,900 ஆனது. ஆண்ட்ராய்டில் இறக்கம் பொதுவாக இதைவிட அதிகம். 80 ஆயிரம் போன் 50 ஆயிரத்துக்குக் கிடைத்து, 4 வருஷம் ஓட்டி, 7,000-க்கு பேட்டரி மாற்றி, 10,000-க்கு விற்றால் வருஷத்துக்கு ரூ.11,750. நடுத்தர போனைவிட மாசத்துக்கு 270 ரூபாய்தான் கூடுதல். கேமரா மட்டும் ஃபிளாக்‌ஷிப் கேமரா.

அப்படி வாங்கும்போது பெட்டியில் அச்சிட்ட தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். ஒன்றரை வருஷமாகக் குடோனில் கிடந்த போனின் பேட்டரி, உபயோகிக்காமலே கொஞ்சம் மூப்படைந்திருக்கும். அப்டேட் காலமும் மாடல் வெளியான நாளிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல.

தவணையில் எடுப்பவர்களுக்கு ஒன்று. "நோ காஸ்ட் இஎம்ஐ"யில் வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துவிடுவார்கள். ஆனால் அந்த வட்டி மீதான 18% ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் பெரும்பாலும் நம் தலையில்தான். மொத்தத் தொகையில் அவற்றையும் சேர்த்து, முதல் கணக்கை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள்.